பல்கலைக்கழக நூலகங்களும் வெளிவாசகர் உரிமையும்

பல்கலைக்கழக நூலகம் அங்கு பயிலும் மாணவருக்கும் கற்பிக்கும் விரிவுரையாளருக்கும் மாத்திரமே உரியது என்ற எண்ணம் எம்மவர் மத்தியில் வேரூன்றியுள்ளது. இதனால், ஊர் வரலாறு எழுத முனையும் ஓய்வுபெற்ற ஆசிரியரும், வெளிவாரிப் பட்டப்படிப்புக்குத் தம்மைத் தயார்செய்யும் இளைஞரும் அதன் வாயிலை நாடுவதேயில்லை. நாடிச் செல்வோரிற் சிலர் அனுமதி பெறும் முறை தெரியாது திரும்பிவிடுகின்றனர். இந்நிலையில், வெளியார் ஒருவருக்கு இந்நூலகங்களில் எத்தகைய வாய்ப்புகள் உண்டு, அவற்றுக்கு விதிக்கப்படும் வரையறைகளில் எவை நியாயமானவை என்பதை நோக்குவது பயனுடையதாகும்.

முதலில் மூன்று விடயங்களை வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். நூலகத்தினுள் நுழைவது ஒன்று. அங்கிருந்து நூல்களை வாசிப்பதும் குறிப்பெடுப்பதும் இன்னொன்று. நூலை இரவலாக வீட்டுக்கு எடுத்துச் செல்வது மூன்றாவது. இம்மூன்றையும் ஒன்றாகக் கருதுவதே குழப்பத்துக்குக் காரணம். இரவல் தரமுடியாது என்பதற்காக வாசிப்பையும் மறுப்பது முறையாகாது. அதேபோன்று, வாசிக்க அனுமதி கிடைத்தவர் இரவலையும் உரிமையாகக் கோருவதும் பொருந்தாது.

இரவல் வழங்குவதில் நூலகங்கள் காட்டும் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. மாணவர் ஒருவர் நூலைத் திருப்பிக் கொடுக்காவிடின், அவர் பட்டச் சான்றிதழைப் பெறும் வேளையிலேனும் நூலகத்தின் கணக்கைத் தீர்த்தாக வேண்டும். ஊழியரெனின் வேதனத்திலிருந்து அறவிடலாம். வெளியாரிடம் அத்தகைய பிடி எதுவுமில்லை. வெளியாருக்கு இரவல் வழங்கும் இடங்களில் வைப்புப் பணமும் பிணையாளியின் கையொப்பமும் கோரப்படுவது இதனாலேயே. மேலும், ஒரு பாடத்துக்கு உரிய நூலின் ஓரிரு பிரதிகளே இருக்குமிடத்து, பரீட்சைக் காலத்தில் அவை வெளியே சென்றால் பாதிக்கப்படுவோர் மாணவர்களே.

எமது பல்கலைக்கழக நூலகங்கள் நூல்களை வகைப்படுத்தியிருக்கும் முறையும் இதனையே காட்டுகிறது. நிரந்தர உசாத்துணைப் பகுதியிலுள்ள நூல்கள் எவருக்கும் வெளியே வழங்கப்படுவதில்லை. மாணவரிடையே கேள்வி அதிகமுள்ள நூல்கள் குறுகிய கால இரவலுக்கு ஒதுக்கப்படுகின்றன. எஞ்சியவை வழமையான இரவல் பகுதியில் வைக்கப்படுகின்றன. இலங்கை தொடர்பான அரிய நூல்களும் பழைய சஞ்சிகைகளும் தனிச் சேகரிப்பாகப் பேணப்படுகின்றன. வெளிவாசகர் பெரும்பாலும் தேடி வருவது இத்தனிச் சேகரிப்பையே. அதனைப் பேராசிரியரும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. எனவே வெளிவாசகருக்கு இன்றியமையாதது இரவல் அட்டையன்று, வாசிப்பு மேசையில் ஓர் இருக்கையே ஆகும்.

இந்த வேறுபாடு பழைமையானது. 1602ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் பொட்லியன் நூலகத்தில், நூல்கள் வெளியே வழங்கப்படா என்பது விதி. உள்நாட்டுப் போரின்போது அந்நகரில் தங்கியிருந்த முதலாம் சாள்ஸ் மன்னர் 1645ஆம் ஆண்டில் ஒரு நூலை இரவலாகக் கேட்டபோது, நூலகர் விதியைக் காட்டி மறுத்தார். மன்னரும் அதனை ஏற்றுக்கொண்டார். அரசருக்கும் இரவல் இல்லை என்ற அந்நூலகமே, தன் பல்கலைக்கழகத்தைச் சாராத ஆய்வாளரையும் உரிய அனுமதியுடன் வாசகராக ஏற்று வருகிறது. இரவலில் இறுக்கமும் வாசிப்பில் தாராளமும் ஒருங்கே இருக்க முடியும் என்பதற்கு இது சான்று.

இலங்கையில் வெளிவாசகரின் கோரிக்கைக்கு வலுச்சேர்க்கும் காரணங்கள் மூன்று உள்ளன. முதலாவது, எமது அரச பல்கலைக்கழகங்கள் பொதுமக்களின் வரிப்பணத்தில் இயங்குபவை. உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதிக்குரிய தகைமை பெறுவோருள் சிறுபகுதியினருக்கே ஆண்டுதோறும் இடம் கிடைக்கிறது. இடம் கிடைக்காதவரின் பெற்றோரும் அந்நூலகங்களுக்காக வரி செலுத்தியவர்களே. வகுப்பறையில் இடமில்லை என்பதற்கு விளக்கம் உண்டு. வாசிப்பு மண்டபத்திலும் இடமில்லை என்பதற்கு அதே விளக்கம் போதாது.

இரண்டாவது, சட்ட வைப்பு முறை. 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டம், நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்குமாறு பணிக்கிறது. அவ்வாறு பெறப்படும் பிரதிகளுள் ஒன்று பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்துக்குச் செல்கிறது. எழுத்தாளரும் பதிப்பாளரும் விலையின்றிக் கையளித்த அந்நூல்கள், ஒரு நிறுவனத்தின் உடைமை என்பதிலும் பார்க்க நாட்டின் பொது வைப்பு என்பதே பொருத்தமாகும்.

மூன்றாவது காரணம் தமிழ் மக்களுக்கே சிறப்பாக உரியது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. பின்னர் நிகழ்ந்த இடப்பெயர்வுகளில் வீட்டுச் சேகரிப்புகளும் சிதறின. இவற்றுக்குப் பின்னர், 1974இல் திருநெல்வேலியில் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நூலகம், பல்கலைக்கழகத் தேவைக்கு அப்பாற்பட்ட பொறுப்பையும் சுமக்க வேண்டியதாயிற்று. வேறெங்கும் எளிதிற் கிடைக்காத ஒரு மலரை அல்லது சஞ்சிகையைத் தேடுபவருக்கு அங்கு வாயில் அடைபட்டால், அவருடைய ஆய்வே நின்றுவிடக்கூடும்.

நடைமுறையில், வெளிவாசகர் செய்யத்தக்கவை சில உண்டு. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் நூலகரைப் பல்கலைக்கழக அலுவலருள் ஒருவராகக் கொள்கிறது. ஆகவே அனுமதிக் கோரிக்கையை அவருக்கே முன்கூட்டி எழுதுவது நன்று. தேவைப்படும் நூல்களின் பெயரையும், வர விரும்பும் நாட்களையும் குறிப்பிட வேண்டும். இணையவழி நூற்பட்டியலில் நூல் உள்ளதா என்பதைப் பார்த்துக்கொண்டால் வீண் பயணம் தவிர்க்கப்படும். தேசிய அடையாள அட்டையுடன், பாடசாலை அதிபர், நிறுவனத் தலைவர் அல்லது ஆய்வு மேற்பார்வையாளரின் கடிதமும் கைவசம் இருப்பது உதவும். கட்டணமும் நேரமும் இடத்துக்கிடம் வேறுபடுவதால் அவற்றையும் கேட்டறிய வேண்டும்.

விதிகள் எவை என்பதே தெரியாதவிடத்து, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் துணைநிற்கும். உயர்கல்வி நிறுவனங்களும் அதன் வரம்புக்குள் அடங்குகின்றன. எனினும், நூலக விதியை அறிய விண்ணப்பப் படிவம் நிரப்பும் நிலை ஏற்படாதிருப்பதே சிறப்பு.

மின்னூல்கள், மின்சஞ்சிகைகள் விடயத்தில் வெளியீட்டு நிறுவனங்களுடனான ஒப்பந்தங்கள் குறுக்கிடுகின்றன. பதிவுபெற்ற உறுப்பினர் வீட்டிலிருந்தே அவற்றைப் பார்வையிடலாம். வெளியாருக்கு அவ்வசதி இராது. ஆயினும், நூலகத்துக்கு நேரில் வருபவர் அங்குள்ள கணினியில் வாசிப்பதற்கு அவ்வொப்பந்தங்களிற் பல இடமளிக்கின்றன. ஒப்பந்தம் செய்யும்போதே இந்த வாய்ப்பை நூலகங்கள் கேட்டுப்பெற வேண்டும்.

இரவலுக்கும் வழியில்லாமலில்லை. பிரித்தானியாவில் ஸ்கொனல் என்ற கூட்டு ஏற்பாட்டின் கீழ், ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவரும் விரிவுரையாளரும் அதில் இணைந்த வேறு பல்கலைக்கழகங்களில் இரவல் பெறலாம். முழுநேர இளங்கலை மாணவருக்குப் பெரும்பாலும் வாசிப்பு அனுமதியே உண்டு. இவ்வாறு படிநிலை வகுத்து, இங்கும் பாடசாலை ஆசிரியருக்கும் வெளிவாரி மாணவருக்கும் மீளளிக்கத்தக்க வைப்புப் பணத்தின் பேரில் ஓரிரு நூல்களை வழங்கலாம். பிரதேச பொது நூலகமே பொறுப்பேற்று நூலைத் தருவித்துக் கொடுக்கும் முறையையும் பரவலாக்கலாம். நூல் திரும்பாவிடின் பதில்கூற ஒரு நிறுவனம் இருப்பதால் பல்கலைக்கழகத்தின் அச்சமும் தணியும்.

அரிய நூல்களை எண்ணிம வடிவில் வெளியிடுவது மற்றொரு வழி. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத் திட்டம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எவரும் வாசிக்கத்தக்கதாக்கியுள்ளது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பொதுவாக ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரையே பதிப்புரிமை நீடிக்கும். அக்காலம் கடந்த நூல்களைப் பூட்டி வைப்பதற்கு நியாயம் எதுவுமில்லை.

வெளிவாசகருக்கும் கடமை உண்டு. பக்கத்தைக் கிழிப்பதும் ஓரத்தில் எழுதுவதும் அடுத்து வருபவரின் வாசலையே அடைத்துவிடும். அதேவேளை, வெளியார் அனுமதி தொடர்பான விதிகளை மும்மொழியிலும் வெளியிடுவதும், விடுமுறைக் காலங்களில் வாசிப்பு மண்டபங்களை அவர்களுக்குத் திறந்துவிடுவதும் பல்கலைக்கழகங்களுக்குப் பெருஞ்செலவை ஏற்படுத்தும் காரியங்கள் அல்ல. நூல்களைப் பேணுவது போலவே அவை வாசிக்கப்பட வழிசெய்வதும் நூலகத்தின் பணியாகும். இதனைப் பல்கலைக்கழக நிர்வாகங்கள் கவனத்திற்கொள்ளும் என எதிர்பார்க்கின்றோம்.