எண்கள் இசையாகும் இடம்

உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பலகை. தொலைக்காட்சிப் பெட்டியை இணைத்தால் அது முழுக் கணிப்பொறி. ஒலிபெருக்கியை இணைத்தால் பாட்டுப் பெட்டி! மாணவர்கள் கணிப்பொறியைக் கற்க வேண்டும் என்ற நோக்கத்துடன் 2012ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 35 டாலர் விலையில் வெளியிடப்பட்ட 'ராஸ்பெரி பை' இத்தகையதே.

ஆனால் அதன் ஹெட்போன் துளையில் ஒலிபெருக்கியைச் செருகிப் பாட்டுக் கேட்டவர்கள் ஒரு குறையைக் கண்டனர். உரத்த இசையில் அது தெரிவதில்லை. வீணையின் நாதம் மெல்லத் தேய்ந்து மறையும் இடத்தில் 'உஸ்' என்ற இரைச்சல் தலைதூக்குகிறது. பெரிய ஒலிபெருக்கி வாங்கினால் சரியாகிவிடுமா? ஆகாது. இசையோடு இரைச்சலும் சேர்ந்தே பெருகும். அப்படியானால் குறை எங்கே பிறக்கிறது?

கணிப்பொறிக்குள் பாட்டு என்பது எண்களின் வரிசையே. 'இக்கணத்தில் மின்னழுத்தம் இவ்வளவு' என்று நொடிக்கு 48,000 எண்கள் கூறுவதாகக் கொள்வோம். அவற்றை உண்மையான மின்னழுத்தமாக மாற்றினால்தான் ஒலிபெருக்கி அதிரும். இவ்வேலைக்குத் தனிச் சில்லு பொருத்தினால் விலை கூடும் அன்றோ? ஆகவே ஓர் எளிய உத்தி கையாளப்பட்டது.

3.3 வோல்ட் மின்னழுத்தத்தை மிக விரைவாகக் கொடுத்தும் நிறுத்தியும் வருவோம். பாதி நேரம் கொடுத்து, பாதி நேரம் நிறுத்தினால் சராசரி 1.65 வோல்ட். கொடுக்கும் நேரத்தைக் கூட்டினால் சராசரியும் கூடும். மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்து இத்துடிப்புகளைச் சமன்படுத்திவிடும். இதற்குத் துடிப்பு அகலப் பண்பேற்றம் என்று பெயர்.

இனி ஒரு சிறு கணக்கு. துடிப்பின் அகலத்தை அளக்கும் கடிகாரம் நொடிக்கு 10 கோடி முறை துடிக்கிறது. அதை 48,000ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2,083. ஆகவே மின்னழுத்தத்திற்கு 2,083 படிகளே உண்டு. குறுந்தகட்டின் 16 பிட் எண்ணுக்கோ 65,536 படிகள்! உரத்த ஒலிக்கு எல்லாப் படிகளும் பயன்படும். அதில் நூறில் ஒரு பங்கு வீச்சுள்ள மெல்லிய ஒலிக்குக் கிடைப்பவை எத்தனை? குறுந்தகட்டில் 655, இங்கே சுமார் 20. இருபது படிகளில் வரைந்த வளைகோடு வளைகோடாகவா இருக்கும்? அந்தப் பிழையே காதில் இரைச்சலாக விழுகிறது. பின்னாளில் வந்த மென்பொருள், பிழையின் பெரும்பகுதியைச் செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண்களுக்குத் தள்ளி இக்குறையைத் தணித்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. துடிப்பின் உயரம் பலகைக்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தைப் பொறுத்தது. அது சற்றே தள்ளாடினாலும் அத்தள்ளாட்டம் இசையில் கலந்துவிடும்.

பரிகாரம் என்ன? முதல் வழிக்குக் காசு வேண்டாம். திரையில் உள்ள ஒலியளவைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தால், 2,083 படிகளில் சுமார் 130 மட்டுமே எஞ்சும். ஆகவே அதை ஏறக்குறைய முழு அளவில் வைத்துவிட்டு, ஒலிபெருக்கியின் குமிழைத் திருப்பி ஒலியைக் குறையுங்கள்.

இரண்டாவது வழி, மாற்றும் வேலையைத் தனிச் சில்லிடம் ஒப்படைப்பது. 2014 முதல் வந்த பெரும்பாலான ராஸ்பெரி பை பலகைகளில் 40 ஊசிகள் உள்ளன. அவற்றின்மேல் 'டாக்' எனப்படும் சிறு அட்டையைப் பொருத்தலாம். பலகையிலிருந்து அதற்கு மூன்று முக்கிய இணைப்புகள்: ஒன்றில் எண்கள், ஒன்றில் காலக் கணக்கு, ஒன்றில் இது இடப்பக்க ஒலியா வலப்பக்க ஒலியா என்ற குறிப்பு. பிலிப்ஸ் நிறுவனம் 1986இல் வகுத்த முறை இது. எண்ணாகச் செல்லும்வரை சிறு தள்ளாட்டம் இசையைக் கெடுக்காது. மின்னழுத்தம் சற்று மாறினாலும் 1 என்பது 1தான், 0 என்பது 0தான். யூ.எஸ்.பி. வழியே இணைக்கும் ஒலி அட்டையும் இவ்வாறே உதவும். 2023இல் வந்த ராஸ்பெரி பை 5இல் ஹெட்போன் துளையே இல்லை. அதற்கு இத்தகைய வழிகளே துணை.

மாணவர்களே, மெல்லிய இசை ஒன்றை ஒலிக்கவிடுங்கள். முதலில் திரையில் ஒலியைக் குறைத்துக் குமிழில் கூட்டுங்கள். பிறகு திரையில் கூட்டிக் குமிழில் குறையுங்கள். கேட்கும் ஒலி இருமுறையும் ஒரே அளவாக இருக்கட்டும். இரைச்சல் எப்போது குறைகிறது என்பதை உங்கள் காதே சொல்லும். குறை பிறக்கும் இடத்தை அறிந்த பின் கடைக்குப் போனால், கைக்காசு வீணாகாது!