மேகத்தில் பனி, தரையில் மழை

வேங்கிக்கால் ஏரியில் இடியோடு கொட்டும் மழைத்துளிகளில் பல, மேகத்தின் உச்சியில் பனித்துகளாகப் பிறந்தவை. நம் வானத்தில் ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு மேலே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போய்விடுகிறது. அங்கிருந்து இறங்கும் பனி வழியிலேயே உருகிவிடுகிறது. துருவத்திலும் கணக்கு இதுதான். மார்கழிப் பனியை மட்டும் அறிந்த நமக்கு வியப்பாக இருக்கலாம்: தரையை ஒட்டிய காற்று உறைநிலைக்கு அருகில் இருந்தால், ஓரிரண்டு டிகிரி கூடினாலே அங்கே வெண்பனி மழையாகிவிடும். அந்த ஓரிரண்டு டிகிரிதான் இப்போது கைநழுவுகிறது. 1979-க்குப் பின் ஆர்க்டிக், உலகச் சராசரியைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது.

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள நி-ஓலெசுன்னில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இயங்குகிறது. ஆண்டு முழுவதும் பெய்வதே அங்கு 400 மில்லிமீட்டர் அளவுதான். 2012 ஜனவரி 30 அன்று, சூரியன் தலைகாட்டாத துருவ இரவில், ஒரே நாளில் 98 மில்லிமீட்டர் கொட்டியது. மழைநீர் பனிக்குள் இறங்கி, உறைந்த மண்மேல் கட்டியாக இறுகியதால் கலைமான்கள் குளம்பால் கிளறியும் மேய்ச்சல் கிடைக்காமல் பட்டினியில் செத்தன. ரஷ்யாவின் யமாலில் 2013 நவம்பர் மழைக்குப் பின் மடிந்தவை சுமார் 61,000. நீரின் அளவைவிட அது வந்துசேரும் வடிவமே இங்கு உயிரைத் தீர்மானித்தது.

சூடான காற்று ஒரு டிகிரிக்குச் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரம் தாங்குமே, அப்படியானால் பனியும் கூட வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கடுங்குளிர் நிலவும் அண்டார்டிகாவின் உட்பகுதிக்கு அது பொருந்தும். அங்கு பத்து டிகிரி ஏறினாலும் விழுவது பனிதான். உறைநிலையின் விளிம்பில் நிற்கும் கடலோரங்களிலோ, கூடும் ஈரம் மேலும் மேலும் மழையாகவே இறங்குகிறது. 2021 ஆகஸ்ட் 14 அன்று கிரீன்லாந்தின் 3,200 மீட்டர் உச்சியிலேயே மழை பதிவானது, முதல்முறையாக. ஒரு நாள் மழை எதையும் நிரூபிக்காது என்பது சரியே. ஆனால் அதே ஆண்டு ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, முன்பு கணித்ததைவிடப் பல பத்தாண்டுகள் முன்னதாகவே ஆர்க்டிக்கில் மழை பனியை விஞ்சும் என்கிறது. பனிப்பாறைக்குப் புதுப்பனி வரவு. மழையோ செலவைக் கூட்டுவது. வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பும் வெண்மையையும் அது மங்கவைக்கிறது. இருந்தும், குளிர்காலத்தில் ஹிமாத்ரியில் தங்க இந்தியா முதல் குழுவை அனுப்பியது 2023 டிசம்பரில்தான். ஜனவரியில் மழை பெய்த ஊரைக் கோடையில் மட்டும் போய்ப் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.