இலவசம் வேறு, கட்டற்றது வேறு

தாராவியில் பலர் கையில் இன்று ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. அதற்கு இலவசச் செயலிகள் ஏராளம். எல்லாம் நல்லவையா? டார்ச் விளக்குச் செயலி ஒன்று நம் போனில் உள்ள எண்களை எல்லாம் கேட்கிறது. விளக்கு எரிய அது எதற்கு? 'அனுமதி' என்பதை அழுத்தும் முன் படித்துப் பாருங்கள்.

இன்னொரு வகைச் செயலி உண்டு. அதைக் கட்டற்ற மென்பொருள் என்பார்கள். சமையல் குறிப்பை ஊருக்கே சொல்வது போல, செய்த விதத்தை வெளியிட்டு விடுவார்கள். யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். கள்ளத்தனம் இருந்தால் விஷயம் தெரிந்தவர்கள் கண்டுபிடிக்க வழி உண்டு.

பாட்டு கேட்க, படம் பார்க்க வி.எல்.சி. நல்லது. விளம்பரத் தொல்லை இல்லை.

வழி தேட ஆர்கானிக் மேப்ஸ். நமக்கு மிகவும் உதவுவது இதுதான். மும்பை வரைபடத்தை ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும். பிறகு நெட் காசு தீர்ந்தாலும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் வழி காட்டும். நாம் போகும் இடத்தை வேவு பார்ப்பதில்லை. இதன் வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது. 2004இல் தொடங்கிய இதை உலகெங்கும் பொதுமக்களே வரைகிறார்கள். உங்கள் சந்தில் உள்ள கடை அதில் விட்டுப்போயிருந்தால் நீங்களும் சேர்க்கலாம்.