சங்கச் செடிகொடிகளை நிலத்தில் அறிதல்

சங்கச் சான்றோர் தாம் வாழ்ந்த நிலத்தை அதன்கண் தாமே முளைத்து வளர்ந்த செடிகொடி மரங்களோடு சேர்த்தே கண்டனர். குறிஞ்சி, முல்லை முதலிய அகத்திணைப் பெயர்களும், வெட்சி, தும்பை, வாகை முதலிய புறத்திணைப் பெயர்களும் இதற்குச் சான்றாகும். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு, 261 அடிகளுள் 99 மலர்களை அடுக்கிக் கூறுகின்றது. இத்துணைப் பெயர்களையும் மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர் பலர் உளர். அவற்றுள் பத்தினையேனும் காட்டில் கண்டு இதுவென்று சுட்ட வல்லார் மிகச் சிலரே. 'ஒரு மரம்', 'ஒருவகைக் கொடி' என்னும் அருஞ்சொற்பொருளோடு அமைந்துவிடுவதால், புலவர் கண்ட உவமையின் நுட்பம் நமக்கு எட்டாது போகின்றது. ஆதலின், ஒரு வட்டாரத்தின் இயல்பான செடிகொடிகளை இலக்கிய மாணவர் அறியும் முறையை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

நூற்கருவிகள்

நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டை உ. வே. சாமிநாதையர் 1889இல் பதிப்பித்தது முதற் கருவியாயிற்று. சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றிக் கேம்பிள் தொடங்கி ஃபிசர் நிறைவு செய்த பெருநூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. இலக்கியத்தையும் தாவரவியலையும் இணைத்துப் பி. எல். சாமி எழுதிய 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்' (1967), கு. சீநிவாசன் எழுதிய 'சங்க இலக்கியத் தாவரங்கள்' (1987) ஆகிய இரண்டும் இத்துறையில் இன்றியமையாதன. எனினும், நூல் வழி காட்டுமேயன்றி நமக்காக நடந்து செல்லாது. நூலிற் கண்டதை நிலத்திற் காணுதல் நம் கடன்.

பெயர் மயக்கம்

முதல் இடர்ப்பாடு, ஒரு பெயர் பல மரங்களுக்கு வழங்குதல். 'பாலை' என்பதை எடுத்துக்கொள்வோம். வெட்பாலை, ஏழிலைப்பாலை, உலக்கைப்பாலை, குடசப்பாலை எனப் பல மரங்கள் இப்பெயர் பூண்டுள்ளன. இவை யாவும் பால் வடியும் இயல்பின; பெயர்ப் பொதுமைக்கு அதுவே காரணமாதல் கூடும். யாழ்ப்பாணத்தில் பாலை என்றால் உண்ணத்தக்க இனிய பழம் தரும் உலக்கைப்பாலையையே கொள்வர். இவற்றுள் சங்கப் புலவர் கருதியது எது?

இவ்வினாவிற்கு அகராதி விடை தாராது. பாட்டே விடை தரும். நற்றிணை 107ஆம் பாட்டு, பாலையின் காய் கொடிறு போன்றது என்றும், அதன் பூங்கொத்து வெண்மையானது என்றும் கூறுகின்றது. கொடிறு என்பது கொல்லனது பற்றுக்குறடு. உலக்கைப்பாலையின் கனியோ சிறிய உருண்டை வடிவினது. குறட்டோடு அதற்கு ஒப்புமை இல்லை. ஏழிலைப்பாலையின் காய்கள் இரட்டையாயினும், மெல்லிய நாடா போலத் தனித்தனியே தொங்குவன. வெட்பாலையின் காய்களோ இரண்டிரண்டாகத் தோன்றி, நடுவில் விலகி, நுனியில் மீண்டும் ஒன்றுகூடித் தொங்குகின்றன. மூடிய குறட்டின் வடிவம் அதுவேயாம். வறண்ட குன்றுச் சாரலில் இலையுதிர்த்து நின்று, வேனிலில் வெண்பூக் கொள்ளும் இயல்பும் இதற்கு உண்டு. எனவே இப்பாட்டிற் குறித்த பாலை வெட்பாலையே எனத் துணியலாம். காயை நேரிற் கண்டார்க்கு இத்துணிபு ஒரு நொடியில் வாய்க்கும். காணாதார்க்குக் 'கொடிறு' வெறுஞ்சொல்லாகவே நின்றுவிடும்.

பருவமும் உருவமும்

ஒருமுறை கண்டது முழுதும் கண்டதாகாது. காந்தளின் மலர் பசுமையாய் விரிந்து, மஞ்சளாகி, பின்னர்ச் செந்நிறம் அடைவது. வெவ்வேறு நாளிற் கண்டவர் இருவேறு கொடியென மயங்குதல் எளிது. இலையின் நுனி சுருண்டு பற்றுக்கம்பி போல நீளுதலும், ஆறு இதழ்கள் விரல்போல் நிமிர்தலும் மாறா அடையாளங்கள். கண்வலிக்கிழங்கு என நாட்டார் வழங்கும் இதன் கிழங்கு கொடிய நஞ்சாதலின், ஆய்வாளர் அதனைக் கவனத்துடன் கையாளுதல் வேண்டும்.

நீர்ப்பூக்களுள் தாமரையின் இலை பிளவின்றி, நடுவே காம்பு பொருந்தி, நீருக்கு மேலும் உயரும். ஆம்பல், நெய்தல் ஆகியவற்றின் இலை காம்புவரை பிளவுற்று நீர்மேல் மிதக்கும். பூ இல்லாத காலத்தும் இவ்வேறுபாட்டால் அவற்றைப் பிரித்தறியலாம்.

நீலமலை, பழனிமலைப் புல்வெளிகளில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2006இலும் 2018இலும் மலர்ந்தது. மாணவராய்க் கண்டவர் மறுமுறை காணுங்கால் ஆசிரியராகியிருப்பர். கொன்றையைப் பற்றி ஆராயத்தக்க வினா ஒன்று உண்டு. இன்று அது சித்திரை, வைகாசித் திங்களில் மிகுதியாகப் பூக்கின்றது. முல்லைப் பாட்டுகளிலோ அது கார்வரவின் அறிகுறி. காலமல்லாக் காலத்து மழையைக் காரென மயங்கிக் கொன்றை பூத்தது எனத் தோழி கூறுவது குறுந்தொகை 66ஆம் பாட்டின் கருத்து. பல வட்டாரங்களில் கொன்றை பூக்கும் நாட்களைத் தொடர்ந்து குறித்துவைத்து ஒப்பிட்டாலன்றி, இம்முரணை நூலறிவு ஒன்றாற் களைதல் இயலாது.

மறைந்துவரும் சான்றுகள்

இவ்வாய்வைக் காலந்தாழ்த்தலாகாது. அமெரிக்கக் கண்டத்தினின்றும் வந்த சீமைக்கருவேல் வறள்நிலங்களையும் ஏரிகளையும் பற்றிப் படர்ந்துள்ளது. உண்ணிச்செடி மலைச்சாரலை மூடுகின்றது. ஆகாயத்தாமரை ஆம்பலும் நெய்தலும் வாழ்ந்த குளங்களை அடைக்கின்றது. குறிஞ்சி பூத்த புல்வெளிகள் பலவற்றில் ஆத்திரேலியாவிலிருந்து கொணர்ந்த தைலமரமும் சீகை இனமும் நடப்பட்டன. இயற்செடி மறையுமிடத்து, அதனைப் பெயரிட்டு அழைக்கும் வாயும் மறைகின்றது. ஆடு மேய்ப்பாரும், தேனெடுப்பாரும், நாட்டு மருத்துவரும் வழங்கும் பெயர்களுள் சங்கச் சொற்கள் இன்னும் உயிரோடு உள்ளன. ஏடு அழிந்தால் படியேனும் கிடைத்தல் கூடும். இப்பெயர்களுக்குப் படி இல்லை.

செய்யத்தக்கன

ஒவ்வொரு மாணவரும் தம் ஊரைச் சூழ்ந்த சிறு பகுதியொன்றை வரைந்துகொள்க. ஒரு செடியைப் பற்றிய பாட்டுச் சான்றுகளை நிறம், வடிவம், மணம், பருவம், வாழிடம் என வகைப்படுத்துக. அவ்வூர் முதியோர் கூறும் பெயரை ஒலி பிறழாது எழுதுக. ஆண்டு முழுதும் தளிர், பூ, காய் தோன்றும் நாளைக் குறிக்க. செடியை வேரோடு பறியாது, உரியவர் இசைவு பெற்றுச் சிறு கிளையை மட்டும் உலர்த்தி, இடமும் நாளும் எழுதித் தாவரவியலாரிடம் காட்டுக. இவை ஐந்தும் ஒத்துவரின் துணிந்து கூறலாம். ஒவ்வாவிடின் ஐயம் என்றே எழுதுதல் ஆய்வறம்.

உரையாசிரியர் தம் காலத்துச் செடியைக் கண்டு உரை வரைந்தனர். நாமும் நம் காலத்தில் எஞ்சியிருப்பவற்றைக் கண்டு குறித்துவைத்தால், பின்வருவார்க்குப் பாட்டும் விளங்கும், நிலமும் விளங்கும்.