ஃப்ரெடி மெர்குரி படம் சொன்னது நிஜமா? பாட்டு உரிமை செய்யும் வேலை

2018-ல் வந்த 'பொஹிமியன் ராப்சடி' படத்தில் எல்லோரையும் அழ வைத்த காட்சி அது. 1985 லைவ் எய்ட் கச்சேரிக்கான ஒத்திகையில், தனக்கு எய்ட்ஸ் என்று குயின் குழுவினரிடம் சொல்வார் பாடகர் ஃப்ரெடி மெர்குரி. ஆனா நோய் உறுதியானது 1987-ல்தான் என்று எழுதியிருக்கிறார், அவருடன் வாழ்ந்த ஜிம் ஹட்டன்.

இன்னொன்று. படத்தில் ஃப்ரெடி தனி ஆல்பம் போடப் போக, குழு உடைகிறது. நிஜத்தில் குயின் உடையவே இல்லை. டிரம்மர் ரோஜர் டெய்லர் 1981-லேயே தனி ஆல்பம் போட்டுட்டார்!

ஏன் இப்படி? பாட்டு இல்லாமல் பாடகர் படம் எடுபடாது. அந்த உரிமை பெரும்பாலும் குழுவிடமோ குடும்பத்திடமோ இருக்கும். இந்தப் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரே குயின் மேனேஜர் ஜிம் பீச்; இசைப் பொறுப்பில் டெய்லரும் கிட்டாரிஸ்ட் பிரையன் மேயும். அப்போ பழி யார் மேல விழும்? 1991-லேயே இறந்துபோன ஃப்ரெடி மேலதான்.

சரி, உரிமை தரலைன்னா? ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பற்றிய 2013 படத்தில் அவர் எழுதின பாட்டு ஒண்ணுகூட இல்லை. படம் ஓடலை. குயின் படமோ 90 கோடி டாலருக்கு மேல் வசூல்.