கடற்பாலூட்டிகளின் கொள்ளைநோயும் வைரசின் பரம்பரை வரலாறும்

1987ஆம் ஆண்டின் நடுப்பகுதி தொடக்கம் 1988 வரை, ஐக்கிய அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையோரத்தில், நியூ ஜேர்சி முதல் புளோரிடா வரை, 740க்கும் மேற்பட்ட டொல்பின்கள் கரையொதுங்கின. நுண்ணிய அல்காவொன்றின் நஞ்சு மீன்கள் வழியாக அவற்றைத் தாக்கியது என்பது 1989இல் வெளிவந்த ஆய்வறிக்கையின் முடிவு. ஆலைக் கழிவே காரணம் என வாதிட்டோரும் இருந்தனர். இவ்விரு விளக்கங்களும் பின்னர் திருத்தம் பெற்றன. அத்திருத்தம் நிகழ்ந்த முறையையும் அதன் சமூகப் பொருளையும் நாம் இங்கு நோக்குவோம்.

1994, 1995ஆம் ஆண்டுகளில், இறந்த டொல்பின்களிலிருந்து எடுத்துப் பேணப்பட்டிருந்த இழையங்கள் மீளாய்வு செய்யப்பட்டன. அவற்றில் எஞ்சியிருந்த ஆர்.என்.ஏ. துண்டுகளை டி.என்.ஏ.யாகப் படியெடுத்து, பன்மடங்கு பெருக்கி, அவற்றின் வரிசையை வாசித்தபோது மோபிலிவைரசு இனம் காணப்பட்டது. மனிதரிடத்துச் சின்னமுத்தை விளைவிக்கும் வைரசும், 2011இல் உலகிலிருந்து ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட மாட்டுக் கொள்ளைநோயின் வைரசும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இவ்வைரசின் பரம்பரைச் செய்தி ஏறத்தாழ 15,700 அலகுகள் கொண்ட ஓரிழை ஆர்.என்.ஏ. ஆகும். நால்வகை அலகுகளாலான அதில் ஆறு பரம்பரையலகுகள் உள்ளன. வைரசு பெருகுகையில் படியெடுப்பிற் பிழைகள் நேர்கின்றன. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர், இரு ஏடுகள் ஒரே பிழையைக் கொண்டிருப்பின் அவை ஒரே மூலத்தின் வழிவந்தவை என ஊகிப்பர். வைரசுகளின் உறவுமுறையும் இவ்வாறே துணியப்படுகிறது. 1988இல் வடகடலில் ஆயிரக்கணக்கான சீல்களைக் கொன்ற வைரசு, நாய்களின் டிஸ்டெம்பர் வைரசுக்கு நெருங்கியது. டொல்பின்களின் வைரசோ சின்னமுத்து, மாட்டுக் கொள்ளைநோய் ஆகியவற்றின் கிளைக்கு அண்மையது. ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்த இரு பேரழிவுகள் வெவ்வேறு வைரசுகளால் விளைந்தவை என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

எனின், ஆலைகள் குற்றமற்றவையா? 1990 முதல் 1992 வரை, ஸ்பெயினின் வலென்சியாக் கரையிலிருந்து கிரேக்கம் வரை பரவிய மோபிலிவைரசு மத்தியதரைக் கடலின் வரி டொல்பின்களைப் பெருந்தொகையிற் கொன்றது. இறந்தவற்றின் கொழுப்பில் பொலிகுளோரினேற்றப்பட்ட பைபீனைல்கள் மிகுந்திருந்தன. மின்மாற்றிகளிலும் கொள்ளளவிகளிலும் பயன்பட்ட இச்சேர்வைகள் 1929 முதல் வாணிப நோக்கில் உற்பத்தியாயின. ஐக்கிய அமெரிக்காவில் அவற்றின் உற்பத்தி 1979இல் தடைசெய்யப்பட்டது. இலகுவிற் சிதையாத இந்நஞ்சு தாய்ப்பாலின் வழியே கன்றையும் சேர்கிறது. 1990களில் நெதர்லாந்தில் நிகழ்ந்த பரிசோதனையில், மாசடைந்த போல்ட்டிக் கடலின் ஹெரிங் மீன்களை உண்ட சீல்களின் நிர்ப்பீடனம், ஒப்பீட்டளவில் தூய்மையான அத்திலாந்திக் மீன்களை உண்டவற்றினதைவிட நலிந்து காணப்பட்டது.

ஆகவே, வைரசு கண்டறியப்பட்டதும் உற்பத்தி முறைமையை விடுவித்தல் எவ்வாறு தவறோ, அவ்வாறே ஆலையை மட்டும் சுட்டி வைரசைப் புறக்கணித்தலும் தவறாகும். பின்னையது முற்போக்காளராகிய நம்மிடையே எளிதில் இடம்பெறும் தவறு. சான்று வருமுன்னரே தீர்ப்புக் கூறுதல் பொருள்முதல்வாதமாகாது. நோயின் உடனடிக் காரணியைப் பரம்பரை வரிசை காட்டுகிறது. அதை எதிர்கொண்ட உடல்கள் எந்நிலையில் இருந்தன என்பதை அது காட்டாது. அதனை அறியக் கொழுப்பில் தேங்கிய நஞ்சையும், அந்நஞ்சை இலாபத்தின் பொருட்டு உற்பத்தி செய்த வரலாற்றையும் ஆராய்தல் வேண்டும். இவ்விரு ஆய்வுகளும் இணையுமிடத்தே அவ்வுயிர்களின் அழிவுக்கு நேர்மையான விளக்கம் பிறக்கும்.