மூளை ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள்: ஒரு பரிசோதனையின் பொருள்

நன்றாகப் படித்தும் பணிக்குச் சென்றும் வந்த ஓர் இளம்பெண் சில நாள்களில் உறக்கத்தை இழக்கிறார்; தொடர்பின்றிப் பேசுகிறார்; வீட்டாரையே ஐயுறுகிறார். பின்னர் வலிப்பு வருகிறது. வாயும் கைகளும் தாமாக அசைகின்றன. பேச்சு நின்றுவிடுகிறது. இதைக் காணும் குடும்பத்தினர் மனநோய் என்றோ, காற்று கருப்பு என்றோ எண்ணுவது இயல்பு. திருவேற்காட்டு அம்மனிடம் வேண்டிக்கொள்வதும் இயல்பே. வேண்டுதல் மருத்துவத்திற்குத் தடையன்று, காலதாமதமே தடை. ஏனெனில் இத்தகைய அறிகுறிகளுக்குப் பின்னால், சிகிச்சையால் பெரும்பாலோர் மீளக்கூடிய ஒரு மூளை அழற்சி நோய் இருக்கலாம். அதன் பெயர் என்.எம்.டி.ஏ. ஏற்பி எதிர்ப்பொருள் மூளை அழற்சி. அதைக் கண்டறியும் பரிசோதனை குறித்து நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவற்றை இங்கே விளக்குகிறோம்.

ஏற்பி என்பது யாது?

மூளையின் நரம்புச் செல்கள் வேதிப்பொருள்களின் வாயிலாக ஒன்றோடொன்று பேசுகின்றன. ஒரு செல் வெளியிடும் குளூட்டமேட் என்னும் பொருளை அடுத்த செல்லின் மேற்பரப்பிலுள்ள புரதங்கள் பெற்றுக்கொள்கின்றன. அப்புரதங்களே ஏற்பிகள். அவற்றுள் ஒரு வகை என்.எம்.டி.ஏ. ஏற்பி. நினைவு, கற்றல், நடத்தை ஆகியவற்றிற்கு இது இன்றியமையாதது. அறுவை அரங்கில் பயன்படும் கீட்டமின் என்னும் மயக்க மருந்து இந்த ஏற்பியைத் தற்காலிகமாகத் தடுக்கிறது. அதனால்தான் அம்மருந்து பெற்றோர் சிலருக்கு விழிக்கும்போது மாயக்காட்சிகள் தோன்றுகின்றன. ஏற்பி குறைந்தால் மனம் எவ்வாறு தடுமாறும் என்பதற்கு இது ஒரு சான்று.

எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, கிருமிகளை எதிர்க்க நம் உடல் உருவாக்கும் புரதம். இந்நோயில் அது வழிதவறி, சொந்த மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. பற்றப்பட்ட ஏற்பிகள் செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படுகின்றன. செல் இறந்துவிடுவதில்லை, எதிர்ப்பொருள் நீங்கினால் ஏற்பிகள் மீண்டும் மேற்பரப்பிற்கு வருகின்றன என்பது ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்டுள்ளது. நோயாளி மீள முடியும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இதுவே.

கண்டறியப்பட்ட வரலாறு

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவர் ஜோசப் டால்மாவும் அவருடைய குழுவினரும் 2007-ஆம் ஆண்டில் இந்நோயின் காரணத்தை வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த 12 பெண்களுள் 11 பேருக்குச் சூலகத்தில் டெரட்டோமா என்னும் கட்டி இருந்தது. அக்கட்டியில் நரம்புத் திசுவும் இருக்கக்கூடும். அதற்கு எதிராக எழும் எதிர்ப்பொருள் மூளையையும் தாக்குகிறது. ஆனால் கட்டி இல்லாதவர்களுக்கும், ஆண்களுக்கும், குழந்தைகளுக்கும் இந்நோய் வருவது பின்னர் தெரிந்தது. சிலருக்கு ஹெர்ப்பிஸ் வைரஸ் மூளைக்காய்ச்சலுக்குப் பின்னும் வருகிறது.

பரிசோதனை நடைபெறும் விதம்

எதிர்ப்பொருள் தான் நாடும் புரதத்தைப் பூட்டும் சாவியும்போல் பொருத்தமாகப் பற்றுகிறது. இந்தப் பண்பையே அறிவியல் ஒரு கருவியாக்கியுள்ளது. முயலிலோ எலியிலோ உருவாக்கப்படும் ஆய்வு எதிர்ப்பொருள்கள், மூளைத் திசுவில் குறிப்பிட்ட ஏற்பி எங்கே உள்ளது என்பதைக் காட்டுகின்றன. இவற்றின் குப்பிகளில் ‘ஆராய்ச்சிப் பயன்பாட்டிற்கு மட்டும்’ என்று குறிக்கப்பட்டிருக்கும். நோயாளியின் நோயை உறுதிசெய்ய அவை நேரடியாகப் பயன்படா. அதற்கெனச் சரிபார்க்கப்பட்ட பரிசோதனைத் தொகுப்புகள் தனியே உள்ளன.

நோயறியும் பரிசோதனையில் கேள்வி தலைகீழாகிறது. ஏற்பி எங்கே உள்ளது என்று தேடாமல், ஏற்பியைப் பற்றும் எதிர்ப்பொருள் நோயாளியிடம் உள்ளதா என்று தேடுகிறோம். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் என்.எம்.டி.ஏ. ஏற்பியை உருவாக்கிக் கண்ணாடித் துண்டில் பதிக்கின்றனர். ஏற்பி இல்லாத செல்களும் ஒப்பீட்டிற்காக அருகில் வைக்கப்படுகின்றன. அவற்றின்மேல் நோயாளியின் தண்டுவட நீரையோ குருதிநீரையோ இட்டு, பின்னர் கழுவுகின்றனர். ஏற்பியைப் பற்றிய எதிர்ப்பொருள் மட்டும் கழுவினாலும் நீங்காமல் ஒட்டியிருக்கும். மனித எதிர்ப்பொருளைப் பற்றக்கூடிய, ஒளிரும் சாயம் பூட்டிய இரண்டாவது எதிர்ப்பொருளை அடுத்து இடுகின்றனர். நுண்ணோக்கியில் ஏற்பியுள்ள செல்கள் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தால் முடிவு ‘பாசிட்டிவ்’. நம் நாட்டில் பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களில் இப்பரிசோதனை செய்யப்படுகிறது. மாதிரி வெளியூர் செல்ல வேண்டியிருந்தால் முடிவு வரச் சில நாள்கள் ஆகலாம். அதுவரை காத்திராமல், அறிகுறிகளைக் கொண்டே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குவது உண்டு.

முதுகிலிருந்து நீர் எடுப்பது ஏன்?

குடும்பத்தினர் பெரிதும் அஞ்சுவது இதற்கே. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் உறுதியான 250 பேரின் தண்டுவட நீர் அனைத்திலும் எதிர்ப்பொருள் காணப்பட்டது. குருதிநீரிலோ 214 பேருக்கு மட்டுமே காணப்பட்டது. அதாவது இரத்தத்தை மட்டும் சோதித்திருந்தால் 36 பேரின் நோய் தவறிப்போயிருக்கும். மேலும், குறைந்த அளவில் இரத்தத்தில் மட்டும் தென்படும் ஒளிர்வு சில வேளை தவறான பாசிட்டிவாகவும் இருக்கலாம். ஆகவே இரண்டையும் சோதிப்பதே சிறந்தது.

“முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போகும்” என்ற அச்சம் பரவலாக உள்ளது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழே செலுத்தப்படுகிறது. அவ்விடத்தில் நீரும் நரம்பிழைகளுமே உள்ளன. எடுக்கப்படுவது சில மில்லிலிட்டர் மட்டுமே. உடல் நாள்தோறும் ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் நீரைப் புதிதாகச் சுரக்கிறது. சிலருக்குச் சில நாள் தலைவலி இருக்கலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்பவர் எனில் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

சிகிச்சையும் மீட்சியும்

ஸ்டீராய்டு ஊசி, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம் ஆகியன முதல்நிலைச் சிகிச்சைகள். பயன் போதாவிடின் ரிட்டுக்சிமாப், சைக்ளோஃபாஸ்பமைடு ஆகியன அளிக்கப்படுகின்றன. சூலகக் கட்டி இருந்தால் அதனை அகற்றுவதும் சிகிச்சையின் பகுதியே; இதனால்தான் இளம்பெண்களுக்கு வயிற்று ஸ்கேன் கேட்கப்படுகிறது.

577 நோயாளிகளை உள்ளடக்கி 2013-இல் வெளிவந்த ஆய்வு நமக்கு வழிகாட்டுகிறது. அவர்களுள் 468 பேர் பெண்கள். 220 பேருக்குக் கட்டி இருந்தது. தொடர்ந்து கவனிக்கப்பட்ட 501 பேரில் 394 பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் நிலையை எட்டினர். 30 பேர் இறந்தனர். சிகிச்சையை விரைவில் தொடங்கியோர் நன்கு மீண்டனர். மீட்சி மெதுவாகவே வரும். வார்டை விட்டு வீடு திரும்பிய பின்னும் மறதி, எரிச்சல், உறக்கக் குறைவு பல மாதங்கள் நீடிக்கலாம். அது நோயின் எச்சம், நோயாளியின் பிடிவாதமன்று. சிலருக்கு நோய் மீண்டும் வருவதால் தொடர் கண்காணிப்பைக் கைவிடலாகாது.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

அறிகுறிகள் தோன்றிய நாளையும் வரிசையையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். சேர்க்கையின்போது அதனைவிடப் பயனுள்ள சான்று வேறில்லை. நோயாளியின் அசைவுகளைக் கைப்பேசியில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டலாம். மனநல மருந்து தொடங்கிய பின் உடல் விறைப்போ கடுங்காய்ச்சலோ வந்தால் உடனே தெரிவியுங்கள். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. இயல்பாக உள்ளது என்பதால் இந்நோய் இல்லை என்றாகாது. பலருக்கு அது இயல்பாகவே இருக்கும். “தண்டுவட நீரில் எதிர்ப்பொருள் சோதனை தேவைப்படுமா?” என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதியினர் நரம்பியல் சிகிச்சைக்கு, சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையை நாடலாம். குழந்தைகளுக்கு எழும்பூர் அரசுக் குழந்தைகள் நல மருத்துவமனை உள்ளது. தொழிற்பேட்டைகளில் பணிபுரிந்து இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றோர் தம் மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பெறுங்கள். வலிப்பு நிற்காமல் தொடர்ந்தாலோ, மூச்சுத் தடுமாறினாலோ, நினைவு தப்பினாலோ கடிதத்திற்கோ மறுநாளுக்கோ காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.